டாக்டர் இல்லாத கொலைக்கதை

திங்கட்கிழமை: ஆங்கிலத் துப்பறியும் நாவல் ஒன்றை வாசிக்கத் தொடங்கினேன். புதன்கிழமை: முடித்தேன். கொலைகாரர் டாக்டர். வியாழக்கிழமை மாலை: இந்த விவரத்தைப் பக்கத்து வீட்டு ஜமீலாவிடம் தெரிவித்தேன். அவர் ஏற்க மறுத்தார்.

நடந்தவை இவ்வளவே. ஆனால்…

கல்லூரியில் தத்துவம் நடத்தியவன் நான். துப்பறியும் நாவல்கள் என் மனைவி தேவகியின் ராஜ்யம். மாலையில் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போவார். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஜமீலா காத்திருப்பார். அன்று வாசித்த பக்கங்களைத் தேவகி தமிழில் சொல்வார். கீழே நாற்காலியில் இருக்கும் எனக்கு இரண்டு குரல்கள் மட்டும் கேட்கும், சொற்கள் கேட்காது. பாதித் தூக்கத்தில் கேட்கும் அலையோசை போல.

மழைக்காலம் முடியுமுன் தேவகி போய்விட்டார். கதை முடியவில்லை.

சென்ற வாரம் ஜமீலா தயங்கித் தயங்கிக் கேட்டார்: “சார், தப்பா நெனச்சுக்காதீங்க. கொலை பண்ணது யாருன்னு அக்கா சொல்லாமயே போயிட்டாங்க…”

அவருடைய கணவர் உள்ளிருந்து குரல் கொடுத்தார்: “சொல்லிடுங்க சார்! இவ இப்ப என்னையே ஒரு மாதிரி பாக்குறா!”

ஆகவே அந்த நாவலை வாசித்தேன். மொட்டைமாடிக்கு ஏறிப்போய், மருந்து பாட்டிலில் விஷம் கலந்தவர் டாக்டர் என்றும் சொன்னேன்.

“டாக்டரா? கதையில டாக்டரே கிடையாதே சார்!”

“நோயாப் படுத்திருந்த அந்த அம்மாவுக்கு வைத்தியம் பார்த்தவர்…”

“யாரும் படுக்கலியே! நல்லா நடமாடுற பொம்பள சார். நோணாங்குப்பத்துல படகுலேர்ந்து தள்ளிட்டாங்க. மாத்மஸேல்தான் துப்பு துலக்குறாங்க.”

நாவலில் துப்பறிபவர், இங்கிலாந்துக் கிராமமொன்றில் தேவாலயத்துக்குப் பூ அடுக்கும், மணமாகாத முதிய பெண்மணி. தேவகி அவரை நம் ஊர் உழவர்கரையில் குடிவைத்து, பிரெஞ்சு ஆசிரியையாக்கி, ‘மாத்மஸேல்’ என்று அழைத்திருக்கிறார். சரி, கதை சொல்பவரின் உரிமை அது. ஆனால் டாக்டர் எங்கே? மருந்து பாட்டில் எங்கே?

கதை சொன்ன அந்த மாதங்களில் தேவகி வாரந்தோறும் மருத்துவமனைக்குப் போய்வந்தார். காலையில் ஊசி, மாலையில் மொட்டைமாடி. அங்கே கண்ட எதையும் அவர் இங்கே படியேற விடவில்லை.

கொலைக்கதைகளை மனிதர்கள் இத்தனை நிம்மதியாக வாசிப்பது ஏன் என்று நான் வியந்ததுண்டு. இப்போது ஓரளவு புரிகிறது. அங்கே ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு குற்றவாளி உண்டு. பிடித்து நிறுத்தி, ‘ஏன் செய்தாய்?’ என்று கேட்கலாம். நம் வீடுகளில் யாரைக் கேட்பது?

ஜமீலாவிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. கொடியில் துணிகள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. கொலைகாரரையே நீக்கிவிட்ட கதைக்கு முடிவை எங்கே தேடுவது?

“உங்களுக்கு யார் மேல சந்தேகம்?” என்றேன்.

“அந்த ரிட்டையர்டு ப்ரொபசர் மேலதான் சார். வாயே தொறக்க மாட்டாரு. எப்பப் பாரு, நாற்காலியில ஒக்காந்துகிட்டு…” சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

நாவலில் ப்ரொபசர் எவரும் இல்லை.

“ஆனா அக்கா ஒத்துக்கவே மாட்டாங்க,” என்றார் ஜமீலா, தாழ்ந்த குரலில். “‘அவர விட்டுடு ஜமீலா. அவருக்குப் பேசத்தான் வராது, மனசு தங்கம். வேற ஆளப் பாரு’ன்னுடுவாங்க.”

கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து மடித்தேன்.

“கண்டுபிடிச்சுச் சொல்றேம்மா,” என்றேன்.

இன்னும் செய்யாத வேலைகள்:

நாவலை லைப்ரரியில் ஒப்படைப்பது.

தேவகியின் மருந்து அலமாரியைக் காலி செய்வது.

கொலைகாரரைக் கண்டுபிடிப்பது — ப்ரொபசர் விடுவிக்கப்பட்டுவிட்டார்.