அத்தை மாரடிக்கவில்லை

எங்கள் வீட்டில் மாரடிக்காத ஆளே கிடையாது. ரேஷன் கடைக்காரரோடு அம்மா மாரடிப்பாள். அறுந்து அறுந்து போகிற பட்டு இழையோடு அப்பா மாரடிப்பார். வாய்ப்பாடு ஏறாத என் மண்டையோடு டீச்சர் மாரடிப்பதாக அம்மாவிடம் புகார் வரும். உடனே அம்மா தன் பங்குக்கு, "உன்னோட மாரடிச்சே என் உசுரு போயிடும்டீ" என்பாள். இத்தனை முறை கேட்டும் அந்தச் சொல்லுக்குள் ஒரு மாரும் ஓர் அடியும் இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. சலிப்புக்கு ஒரு பெயர் என்றுதான் வைத்திருந்தேன்.

அதிகம் மாரடித்தவள் அத்தை. அப்பாவுக்கு அக்கா. முசரவாக்கத்தில் தறி போட்டிருந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் சில வருஷம் கழித்து இன்னொருத்தியைக் கூட்டிவந்து நடுவீட்டில் உட்காரவைத்தார். அத்தை ஒரு டிரங்குப் பெட்டியோடு பெரிய காஞ்சிபுரத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். யாராவது கேட்டால், "அந்தாளோட மாரடிச்சது போதும்னு வந்துட்டேன்" என்பாள். பஸ் கிடைத்தது, ஏறி வந்துவிட்டேன் என்பது போலச் சொல்வாள். தாலியை மட்டும் கழற்றவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கயிற்றுக்கு மஞ்சள் பூசுவாள். பிடிக்காதவர் கட்டியதற்கு எதற்கு மஞ்சள் என்று நான் கேட்டதில்லை. பெரியவர்கள் காரணமில்லாமல் செய்கிற காரியங்களில் அதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் இரண்டு தறி. ஒன்று அப்பாவுடையது, மற்றது அத்தையுடையது. குறுக்கே ஊடை இழை ஓடியதும் பலகையை இழுத்து அடிக்க வேண்டும். அந்த அடி கேட்டேதான் நான் தூங்கினேன், எழுந்தேன். அப்பாவின் அடி அவசரக்காரன் கதவைத் தட்டுவது மாதிரி இருக்கும். அத்தையின் அடி நிதானம். கண்ணை மூடிக்கொண்டு யார் தறி என்று சொல்லிவிடுவேன். ஒரு புடவையை ஒரே கைதான் முடிக்க வேண்டும். கை மாறினால் அடி மாறும், அடி மாறினால் துணியில் தெரிந்துவிடும். இது எங்கள் தெருவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் நான்காம் வகுப்பு படித்தபோது ஒரு காலையில் எதிர்வீட்டுக்காரர் தன் செல்போனைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தார். முசரவாக்கத்துக்காரர் போய்விட்டாராம், தூக்கத்திலேயே. அத்தை இழை ஓட்டுகிற நாடாவைக் கீழே வைத்தாள். தறிக்குழியிலிருந்து ஏறி, முகம் கழுவி, நல்லதாக ஒரு நூல் புடவை கட்டிக்கொண்டாள்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கினு போவேக்கா?" என்றார் அப்பா.

"இருக்கிற மூஞ்சிய வச்சிக்கினுதான்."

அப்பா வர மறுத்துவிட்டார். தம்பிக்குக் காய்ச்சல் என்பதால் அம்மாவும் கிளம்ப முடியவில்லை. தனியாகப் போகக்கூடாது என்று என்னைப் பின்னால் அனுப்பினாள். பள்ளிக்கூடம் போகவேண்டாம் என்கிற சந்தோஷத்தில் நான் ஷேர் ஆட்டோவில் ஓரத்து இடத்துக்கு அடம்பிடித்து உட்கார்ந்துகொண்டேன்.

அந்தத் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. சாவு விழுந்தால் எடுக்கிற வரைக்கும் யாரும் பலகையைத் தொடமாட்டார்கள். அந்த வெறுமையை நிரப்புகிற மாதிரி பந்தலுக்கு வெளியே மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பந்தலுக்குள் பெண்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். தலைவிரிகோலம். ஒருத்தி பாட்டெடுத்தாள். பாட்டின் ஒவ்வோர் அடி முடிவிலும் எல்லோரும் சேர்ந்து குனிந்து, இரண்டு கையாலும் நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். அத்தனை கையும் ஒன்றாக விழுந்தது. பிசகவேயில்லை. இதற்குப் பெயர் என்ன என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. ஐயோ, இதையா அம்மா தினமும் என்னோடு செய்வதாகச் சொல்கிறாள்!

புதிதாக எந்தப் பெண் வந்தாலும் வட்டம் திறக்கும். இரண்டு பேர் விலகி, வந்தவள் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அழுகை ஒரு சுற்று ஏறும். பிறகு வந்தவளின் கையும் மற்றவர்களோடு சேர்ந்து விழும். அதுதான் முறை. அத்தை வட்டத்தின் பக்கத்தில் போய் நின்றாள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. வட்டம் திறக்கவில்லை. அத்தைக்கு முன்னால் இருந்த இரண்டு முதுகும் இன்னும் நெருங்கின. நான் பார்த்தேன். தெரியாமல் நெருங்கியதல்ல.

வாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவி, "நீ யாரும்மா?" என்று கேட்டாள். அந்தத் தெருவில் வாழ்ந்தவளை அவளுக்கு அடையாளம் தெரியாதா என்ன? "பொண்டாட்டி உள்ள நின்னுக்கினு அழுவுறா. நீ அப்படி ஓரமா நில்லு தாயி" என்றாள் கிழவி.

அத்தை முருங்கை மரத்தடிக்கு வந்தாள். செருகிய முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டுச் சும்மா நிற்கிறாளே, அழுகை வரவில்லையோ என்று நினைத்தேன். நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாகவே கேட்டுவிட்டேன்: "அத்தை, நீ மாரடிக்கலையா?"

ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தை என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "நான் அப்பவே எல்லாம் அடிச்சி முடிச்சிட்டேன் கண்ணு" என்றாள்.

எடுக்கும்போது பெண்களோடு தெருமுனைவரை நடந்தாள். எல்லோருக்கும் கடைசியில், கொஞ்சம் தள்ளி. அவர்கள் திரும்பியதும் நாங்களும் திரும்பினோம்.

வீட்டுக் கொல்லையில் அம்மா இரண்டு பேர் தலையிலும் தண்ணீர் ஊற்றினாள். நடந்ததை நான்தான் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். கேட்டுவிட்டு அப்பா பல்லைக் கடித்தார். கொஞ்ச நேரம் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு வந்தார். அத்தையின் தறியில் பாதி நெய்த முகூர்த்தப் புடவை நின்றிருந்தது. கூலிக்கு நெய்யக் கொடுக்கிற முதலாளி வாங்கிவந்த ஆர்டர் அது, கல்யாணத்துக்கு அதிக நாள் இல்லை.

"அவங்களே உன்ன சேத்துக்கல. அப்பறம் நமக்கு இன்னாத்துக்குக்கா தீட்டு? காலைல தறியில எறங்கு."

"எனக்கு இருக்குதுப்பா."

"முகூர்த்தப் புடவைக்கா அது!"

"அதனாலதான் சொல்றேன். தீட்டுக் கையால பொண்ணு புடவைய நெய்யச் சொல்றியா?"

அந்தப் புடவையை நெய்தால் செத்துப்போனவருக்கு அவள் எதுவும் இல்லை என்று அவளே ஒத்துக்கொண்டதாகும். இதெல்லாம் இப்போது, எனக்கே நரை எட்டிப்பார்க்கிற வயதில், புரிகிறது. அன்று எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: அத்தைக்கு லீவு.

அப்பா முதலாளியிடம் போய்க் கைகட்டி நின்றார். பெண் வீட்டார் கடையில் வேறு புடவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். திட்டெல்லாம் அப்பாவுக்கு. அவர் வீட்டுக்கு வந்து அத்தையோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அத்தை கொல்லைப்பக்கத் தாழ்வாரத்தில் பாய் போட்டுத் தனியாக இருந்தாள். தனித் தட்டு, தனிச் சொம்பு. அவளுடைய தறியின் மேல் ஒரு பழைய வேட்டி போர்த்தியிருந்தது. அப்பாவின் அடி மட்டும் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒருநாள் தாழ்வாரத்துக்குப் போய், "எப்ப அத்தை அடிப்ப?" என்று சிணுங்கினேன். "அங்க காரியம் முடியட்டும் கண்ணு" என்றாள். அங்கே முடிவதற்கும் இங்கே அடிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

முசரவாக்கத்தில் கருமாதி நடந்த மறுநாள் விடியற்காலையில் அந்தச் சத்தம் என்னை எழுப்பியது. பாயைச் சுருட்டாமல் ஓடினேன். அத்தை தறியில் உட்கார்ந்திருந்தாள். தலை ஈரம் சொட்டியது. கழுத்தில் கயிறு இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு வெளிறிய கோடு மட்டும் இருந்தது. அடித்துக்கொண்டே இருந்தாள், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வழக்கமான நிதானம்தான், ஆனால் பலகை விழுந்த விழுகையில் தரை அதிர்ந்தது. அப்பா தன் தறிப் பக்கத்தில் நின்று துணியைப் பார்த்தார். போர்த்துவதற்கு முன்னால் நெய்ததும் அன்று நெய்ததும் சேருகிற இடத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. கை ஒன்றுதான், ஆனால் நெசவு இறுகிவிட்டிருந்தது. எப்போதும் குற்றம் சொல்கிற மனிதர், அன்று ஓசைப்படாமல் வெளியே போய்விட்டார்.

சமையல்கட்டு வாசலில் அம்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கையை நெஞ்சில் வைத்திருந்தாள்.

"அத்தை தாலிய எங்கம்மா வச்சாங்க? பெட்டியிலயா?" என்று கேட்டேன்.

"உன்னோட மாரடிக்க என்னால முடியாதுடீ, போய்ப் பல்லு வெளக்கு" என்றாள். குரல் கம்மிப்போயிருந்தது. தம்பியின் காய்ச்சல் அவளுக்கும் தொற்றிவிட்டது என்று நினைத்தேன்.

கிணற்றடிவரைக்கும் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது. அத்தைக்கு எல்லாம் சரியாகிவிட்டது, இனிமேல் ராத்திரி நன்றாகத் தூங்கலாம் என்கிற நிம்மதியோடு நான் பல் துலக்கினேன்.