வாளி வெறுமையாக வந்த இடம்

போன வாரம் நாகர்கோவிலில் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம். துறைமுகத்தில் தூர்வாரும் சகதியைக் கடலில் எங்கே கொட்டுவது என்பதுதான் விஷயம். திரையில் கடலடி வரைபடம். பாறைக்குப் பழுப்பு, மணலுக்கு மஞ்சள். அதிகாரி ஒரு மஞ்சள் கட்டத்தைக் காட்டினார்.

"இங்கே வெறும் மணல்தான். கொட்டினா யாருக்கும் நஷ்டம் இல்ல."

பின்வரிசையில் கிறிஸ்துதாசன் எழுந்தார். வள்ளத்தில் போய்த் தூண்டில் போடுகிறவர்.

"அது எங்க பாருல்லா? அதுல சகதிய கொட்டுனா நாங்க சட்டிய கழுவி கமுத்த வேண்டியதுதான்."

பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு. மீன் குடியிருக்கும் இடம்.

"மேப்ல அப்படி எதுவும் இல்லையே?"

"மேப்பு போட்ட சாரு அந்தா இருக்காரு. அவருட்ட கேளுங்க."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சுனாமிக்கு இரண்டு வருடம் கழித்து நடந்த ஆய்வு அது. நான் அப்போது விலங்கியல் பேராசிரியர். கிறிஸ்துதாசனின் வள்ளத்தில்தான் போனோம். பார் இருக்கும் இடத்தை இவர்கள் சொந்த மச்சானுக்குக்கூடச் சொல்வதில்லை. "குறித்துவைத்தால்தான் காப்பாற்ற முடியும்" என்று நான் வாக்குக் கொடுத்ததால், கரையில் தெரியும் மருந்துவாழ் மலையையும் கோயில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் பிடித்து இடத்தைக் காட்டினார்.

அடிமண்ணை அள்ளிவரும் இரும்பு வாளியை இறக்கினேன். மூன்று முறையும் வெறுமையாக வந்தது.

"பாறையில கொத்துனா வாளி என்னத்த அள்ளும் சாரே? பாருன்னு எழுதுங்க."

எழுதினேனா? வெயில், வாந்தி... படிவத்திலோ கட்டம் காலியாக இருக்கக்கூடாது. மீனவன் சொல்வதெல்லாம் ஆதாரமா என்ற படித்த திமிர் வேறு. பக்கத்துக் கட்டத்தில் மணல். இதற்கும் மணல் என்று எழுதிவிட்டுக் கரைக்குத் திரும்பினேன்.

சரி, கூட்டத்திலாவது உண்மையைச் சொன்னேனா? எழுந்து, "மறு ஆய்வு செய்தால் நல்லது" என்றேன். இத்தனை படித்து நான் கற்றது இந்த வழவழாப் பேச்சுத்தான். 'நிபுணருக்கு ஆட்சேபம் இல்லை' என்று குறித்துக்கொண்டார்கள்!

கடலுக்கு வண்ணம் அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. கணினி, செயற்கைக்கோள், லேசர் புள்ளி — எல்லாம் இருக்கிறது. அந்த மஞ்சளை வைத்தவன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தானா என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. கேட்ட ஒரே ஆளையும் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே கிறிஸ்துதாசன் நின்றிருந்தார்.

"ஒங்கள நம்பிக் காட்டுனது எந் தப்பு சாரே. ஊருல எனக்க மூஞ்சியில ஒருத்தனும் முழிக்க மாட்டான்."

மறுநாள், நடந்ததை மறைக்காமல் எழுதிக்கொண்டு, கூட்டம் நடத்திய அலுவலகத்துக்குப் போனேன். கிளார்க் பேனாவை எடுத்தார்.

"யார் மேல சார் புகார்?"

"என் மேலதான்."

அதற்கெல்லாம் படிவம் இல்லை என்று திருப்பித் தந்துவிட்டார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.