சுவரளவு அப்பா

"எம்புட்டுப் பேரு உக்காந்து பாப்பீய?"

ராஜபாளையத்துக் கடைக்காரர் கேட்ட இந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு மாடி அறையை ஹோம் தியேட்டர் ஆக்க வேண்டும் என்பது துபாயில் வேலை பார்க்கும் என் கணவரின் ஆசை. அதற்குத் திரை பார்க்கப் போயிருந்தேன். அவர் அடுத்த மாதம் வருகிறார்; நாற்பது நாள் இருப்பார். மற்ற நாளெல்லாம் நானும் இரண்டரை வயது மகளும்தான். "மூணு பேர்" என்று சொல்லிவிட்டேன். பொய் சொன்னதுபோல் இருந்தது.

கணவர் கேட்டது நூற்றிருபது இன்ச். பத்தடி ஆகிறதே, கதவு போகச் சுவரில் ஒன்பதடிதான் இருக்கிறது என்றேன். கடைக்காரர் சிரித்தார்.

"அகலத்தை அளந்துட்டு வந்திருக்கீய. திரைக்கு மூலைக்கு மூலைதான் கணக்கு. அகலம் எட்டே முக்கா அடிதான் வரும். சுவத்துல அடங்கிரும்."

படித்து என்ன பயன் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை, போட்டுக் காட்டுவதற்காக ஒரு புரொஜெக்டரோடு கடைக்காரரே வீட்டுக்கு வந்தார். தனியாக இருக்கும் வீடு என்பதால் கீழ்வீட்டு அக்காவைத் துணைக்குக் கூப்பிட்டிருந்தேன். திரைக்குப் பதிலாகக் கணவரின் வேட்டிகள் இரண்டைச் சுவரில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினோம்.

"இருக்க வேட்டிய எல்லாம் சுவத்துக்குக் கட்டிட்டா, அவிய வந்து எதக் கட்டுவாக?" என்றார் அக்கா.

என் போனை புரொஜெக்டரில் இணைத்த நேரம் பார்த்துக் கணவரின் வீடியோ கால் வந்தது. எடுத்தேன். சுவர் முழுக்க அவர் முகம். கண்ணுக்குக் கீழே கருமை, காதோரம் நரை. கையளவு போனில் இத்தனை நாளாக எதுவும் தெரிந்ததில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன்.

தினமும் போனுக்கு முத்தம் கொடுக்கும் மகள், வீறிட்டு என் சேலைக்குள் முகத்தைப் புதைத்தாள். "இந்த அப்பா வேணாம். குட்டி அப்பா வேணும்."

போன் மேசையில் கூரையைப் பார்த்துக் கிடந்ததால் அவருக்கு எதுவும் தெரியவில்லை. "என்னட்டி, பாப்பா அழுதாளா?"

"ஒண்ணுமில்ல. கீழ விழுந்துட்டா."

கடைக்காரர் வயரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார்.

அன்றிலிருந்து கணவர் அழைத்தால் மகள் போனைக் கவிழ்த்து வைக்கிறாள். அவரோ, "நூத்திருவதே சொல்லிட்டியா?" என்று தினமும் கேட்கிறார். சின்னத் திரை வாங்கினால் காரணம் சொல்ல வேண்டும். பெரிதை வாங்கினால் இவள் அந்த அறைக்கே வரமாட்டாளோ என்று பயம். எனக்கோ அவரை அந்த அளவில் இன்னொரு முறை பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

கணவர் வெளியூரில் இருக்க, பிள்ளையைத் தனியாக வளர்த்த யாராவது இதை வாசித்தால் எனக்கு எழுதுங்கள். உங்கள் பிள்ளை அப்பாவிடம் எப்படி ஒட்டியது? நடந்ததை அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடட்டுமா?