எகிப்துக்குச் சொன்னதை எஸ்தரக்காவுக்குப் போட்டேன்

ரோமர் பதினேழு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பைபிளில் ரோமர் பதினேழாம் அதிகாரம் மூன்றாம் வசனத்தைத் தேடி எடுக்கச் சொன்னார்கள்.

மும்பை செம்பூரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது எங்கள் ஸ்டூடியோ. கிறிஸ்தவப் பிரசங்கங்களை வீடியோ எடுத்து, எடிட் செய்து கொடுப்பது தொழில். என் வேலை ஸ்ட்ரிப் போடுவது. பிரசங்கியார் பேசும்போது திரையின் அடியில் நீலப் பட்டை ஒன்று வருமே, அதில் அவர் சொல்லும் வசனமும் அதன் எண்ணும் இருக்கும். அதை டைப் செய்து சரியான நொடியில் ஒட்டுகிறவள் நான். தாராவியில் வளர்ந்தவள், ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியவள், தமிழ் டைப்பிங் தெரியும். இவ்வளவுதான் என் தகுதி.

ரோமர் நிருபம் பதினாறாம் அதிகாரத்தோடு முடிந்துவிடுகிறது. பக்கத்தைத் திருப்பினால் கொரிந்தியர். பயந்துபோய் ஓனரிடம் சொன்னேன். ஓனர் சுந்தரேசன் சார் மாட்டுங்காக்காரர். கல்யாண வீடியோவில் ஆரம்பித்து இந்தத் தொழிலுக்கு வந்தவர். நெற்றியில் விபூதியோடு என் பைபிளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உன் காப்பில பக்கம் கிழிஞ்சு போயிருக்கோ என்னமோ. வேற ஒண்ணு வாங்கிப் பாரேன்."

வேறு இரண்டு பிரதிகள் பார்த்தேன். எல்லாவற்றிலும் பதினாறுதான். கடைசியில் வடாலாவிலிருந்த அந்தப் போதகருக்கே போன் செய்தேன்.

"ஐயா, ரோமர்ல பதினாறு அதிகாரந்தான் இருக்கு."

"நான் ரோமர்னா சொன்னேன்?"

"நாலு தடவ சொல்லியிருக்கீங்க ஐயா."

"அட, யோவான்மா! வாய் தவறிட்டு. நீ யோவான்னு போட்டுரு. ஜனங்க என் வாயவா பாக்காங்க? ஸ்ட்ரிப்பத்தான பாக்காங்க."

யோவான் பதினேழு மூன்றைத் திறந்தேன். அவர் பேசிய விஷயம் அப்படியே அங்கே இருந்தது. நிம்மதியாகப் போட்டேன். கடைசியாக அவர் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

முத்து எங்கே?

வாய் தவறுவது ஒரு ரகம். இன்னொரு ரகம் உண்டு. சுனாபட்டியிலிருந்து ஒரு சகோதரி மாதம் ஒரு முறை ரெக்கார்டிங்குக்கு வருவார். நல்ல குரல். ஒரு நாள், "உன் கண்ணீர் ஒவ்வொன்றையும் முத்தாக மாற்றுவேன் என்று வேதத்தில் எழுதியிருக்கிறதே!" என்று முழங்கிவிட்டுப் போய்விட்டார். எண் சொல்லவில்லை.

மூன்று நாள் தேடினேன். கண்ணீர் நிறைய இடங்களில் இருந்தது. முத்தும் சில இடங்களில் இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில் இல்லை. போன் செய்தேன்.

"அது சங்கீதம்தாம்மா."

"எந்த சங்கீதம் சிஸ்டர்?"

"நூத்தம்பது இருக்குல்ல, ஏதாவது ஒண்ணுல இருக்கும். நீங்க பாத்து ஒரு நம்பர் போடுங்க. நம்பர் இல்லன்னா மக்கள் நம்ப மாட்டாங்க."

நான் எண் போடவில்லை. அந்த வாக்கியத்தை மட்டும் போட்டேன். என் மனசாட்சியைக் காப்பாற்றிவிட்டதாக ஒரு பெருமை. அந்தப் பெருமையோடு சில வருடங்கள் ஓடின. இல்லாத வசனத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருக்கிற வசனம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது.

இடம் பத்தவில்லை

விக்ரோலியிலிருந்து பிரதர் எலிசா என்று ஒருவர் வருவார். முன்பு ஏசி மெக்கானிக். வியாழக்கிழமைதோறும் ரெக்கார்டிங். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். வந்தால் வாட்ச்மேன் வரைக்கும் எல்லோருக்கும் ஜெபம் செய்துவிட்டுத்தான் போவார். ஆனால் கேமரா ஓட ஆரம்பித்தால் அவருக்கு பிரேக் பிடிக்காது.

அன்று தலைப்பு விசுவாசம். "மருந்துகளை எவ்வளவு சேர்த்தாலும் வீண் என்று எரேமியா சொல்லுகிறான்! நாற்பத்தாறு, பதினொன்று! நீ கர்த்தரை நம்புகிறாயா, மாத்திரையை நம்புகிறாயா?" என்று கேட்டார்.

எடிட்டில் உட்கார்ந்து வசனத்தைத் திறந்தேன். இருந்தது. ஆனால் நீளமாக இருந்தது. அது எகிப்து தேசத்தைப் பார்த்துச் சொன்னது. முதல் பாதியில், கீலேயாத்துக்குப் போய்த் தைலம் வாங்கிக்கொள் என்று வேறு இருக்கிறது. எங்கள் ஸ்ட்ரிப்பில் இரண்டு வரிதான் பிடிக்கும். எகிப்தைப் போட்டால் மருந்துக்கு இடமில்லை. மருந்தைப் போட்டால் எகிப்துக்கு இடமில்லை. சாப்பாட்டு நேரம் வேறு. எகிப்தையும் கீலேயாத்தையும் வெட்டிவிட்டு, பிரதர் சொன்ன பாதியை மட்டும் போட்டு, பக்கத்தில் எரேமியா 46:11 என்று அடித்தேன். வீடியோ சேர்ந்து வரட்டும் என்று ரெண்டர் போட்டுவிட்டு டப்பாவைத் திறந்தேன். தக்காளிச் சாதம். இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எந்த கிளினிக்?

எங்கள் ஸ்டூடியோவில் மேக்கப் எஸ்தரக்கா. மேக்கப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பிரசங்கியார்களின் நெற்றி லைட்டில் மினுங்காமல் பவுடர் போட வேண்டும். டீ போடுவதும் தரையைத் துடைப்பதும் அவர்தான். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர், தாராவியில் முப்பது வருடம். சர்க்கரை வியாதி உண்டு. தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்.

அந்த வீடியோ வெளியாகி மூன்று வாரம் இருக்கும். ஒரு பாஸ்டருக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்த எஸ்தரக்கா, கையில் பஞ்சோடு அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். டப்பா கவிழ்ந்து பாஸ்டரின் கறுப்பு கோட் முழுக்க வெள்ளை. நானும் சுந்தரேசன் சாரும் அக்காவை ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

சர்க்கரை தாறுமாறாக ஏறியிருந்தது. டாக்டர் வட இந்தியர். மாத்திரை சாப்பிடுகிறாயா என்று இந்தியில் கேட்டார்.

"பந்த் கர் தியா," என்றார் அக்கா. நிறுத்திவிட்டேன்.

"கிஸ்னே போலா?" யார் சொன்னது?

"எரேமியா."

டாக்டர் பேனாவை எடுத்தார். "யே எரேமியா டாக்டர் கிதர் பைட்தா ஹை?" எந்த கிளினிக்கில் உட்காருகிறார் என்று கேட்கிறார். பெயரை எழுதிப் புகார் கொடுக்கப் போகிறவர் போலிருந்தார். சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். எனக்குப் பிரதர் எலிசாவின் வீடியோ ஞாபகம் வந்தது.

டாக்டர் நகர்ந்ததும் அக்காவின் காதருகே குனிந்தேன். "ஏன்க்கா, பிரதர் ஏதோ ஒரு வேகத்துல பேசுதாரு. அதுக்குன்னு மாத்திரய நிறுத்துவாங்களா?"

"ஏட்டி, அவரு வாயால சொன்னா நான் கேப்பனா? அவரு ஆயிரம் சொல்லுவாரு. நீ எழுதிப் போட்டிருந்தியே. நம்பரோட போட்டிருந்தியே."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து சுந்தரேசன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போனில் வசனத்தை முழுதாகக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"என்னம்மா ஜெயா, இது எகிப்துக்குன்னா எழுதியிருக்கு? நம்ம எஸ்தர் தாராவியாச்சே!"

இத்தனை வருடம் பைபிளோடு உட்கார்ந்திருந்த எனக்குத் தோன்றாத கேள்வி, விபூதிக்காரருக்கு ஒரே வாசிப்பில் தோன்றிவிட்டது.

பவுடரும் பதிலும்

அடுத்த வியாழக்கிழமை பிரதர் எலிசா வந்ததும் எடிட் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் தப்பை முதலில் சொன்னேன். பிறகு வசனத்தைக் காட்டினேன். அவர் பைபிளைப் பார்க்கவே இல்லை.

"சிஸ்டர், அது எனக்கு ஆவியில வந்த வார்த்தை."

"வந்துது பிரதர். பாதிதான வந்திருக்கு."

முகம் சிவந்துவிட்டது. "க்யா போல் ரஹீ ஹோ? என்ன பேசுறீங்க? ஸ்ட்ரிப் போடுற நீங்க எனக்கு வேதம் சொல்லித் தர்றீங்களா?"

"இல்ல பிரதர். நானுந்தான் வெட்டினேன். உங்களுக்கு இந்த வசனம் எங்க கெடச்சுது?"

தாடையைத் தடவிக்கொண்டே போனைத் திறந்து தேடிக் காட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த படம். மலை, சூரிய உதயம், ஒரு புறா. நடுவில் அதே பாதி வசனம். எனக்கு முன்னாலேயே யாரோ ஒருவர் இடம் பத்தாமல் எகிப்தை வெட்டியிருக்கிறார். புறாவுக்கு மட்டும் இடம் இருந்திருக்கிறது.

பிரதர் அப்போதுதான் பைபிளை இழுத்துப் படித்தார். முன்னாலும் பின்னாலும் சில வசனங்கள் படித்தார். குரல் இறங்கிவிட்டது. "சரி, அந்த வீடியோவ எடுத்துருங்க. ஆனா கேமராவுல திருத்தம்னு ஒண்ணும் வேண்டாம். நான் தப்புன்னு சொன்னா ஜனங்க விசுவாசம் என்னாவும்?"

நான் எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. அதற்குள் மேக்கப்புக்கு நேரமாகிவிட்டது.

எஸ்தரக்கா முந்தின நாள்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார். கழுத்தில் துண்டைக் கட்டி, பிரதரின் நெற்றியில் பவுடரை ஒற்றியபடியே கேட்டார்.

"பிரதர், ஒரு சந்தேகம். மாத்திரய சாப்பிடணுமா, நிறுத்தணுமா? டாக்டர் ஒண்ணு சொல்லுதாரு, எரேமியா ஒண்ணு சொல்லுதாரு. நான் யார் பேச்சக் கேக்க?"

ஆயிரம் பேர் கூடிய கூட்டத்தில் பேசுகிறவர். கன்னத்தில் பஞ்சு, கழுத்தில் துண்டு, ஒரு முழ தூரத்தில் அக்காவின் வாடிய முகம். கண்ணை மூடிக்கொண்டார். ஜெபிக்கிறார் என்று நினைத்தேன். மூடிய இமைக்குக் கீழே பவுடரில் ஒரு கோடு இறங்கியது.

"சாப்பிடுங்கக்கா. எரேமியா அப்படிச் சொல்லல. நான்தான் சொன்னேன்."

"அப்ப அத கேமராவுல சொல்லிருங்க பிரதர். விக்ரோலில எங்க அண்ணன் வீட்டு மைனியும் நிறுத்திப்போட்டா. நான் சொன்னா கேக்க மாட்டா, உங்க வீடியோவ நூறு பேருக்கு அனுப்பிக்கிட்டுத் திரியுதா."

அன்று பிரதர் பிரசங்கம் செய்யவில்லை. எட்டு நிமிடம் தன் தப்பைச் சொன்னார். வியர்த்துக்கொட்டியதில் அக்கா மூன்று தடவை ஓடிப்போய்ப் பவுடர் போட வேண்டியிருந்தது. அப்போஸ்தலன் பவுலோடு கூடப் போன லூக்கா ஒரு வைத்தியர் என்பதையும் கடைசியில் சேர்த்துக்கொண்டார். கேமரா நின்றதும் அக்கா கேட்டார்: "இவ்வளவு நல்ல விஷயத்த மொதல்லயே சொல்லப்படாதா பிரதர்?"

நான் வசனத்தை முழுதாகப் போட்டேன். எழுத்தைப் பாதியாகச் சின்னதாக்கியும் மூன்று ஸ்ட்ரிப் ஆனது. கண் வலிக்கிறது என்று சுந்தரேசன் சார் முணுமுணுத்தார். மைனி மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டதாக ஞாயிற்றுக்கிழமை அக்காவிடமிருந்து போன் வந்தது. அந்த ராத்திரிதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

எண்ணினேன்

அதற்குப் பிறகு எஸ்தரக்கா தன் பைபிளை ஸ்டூடியோவுக்கே கொண்டுவர ஆரம்பித்தார். டீயை வைத்துவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு ஸ்ட்ரிப்பையும் எழுத்துக்கூட்டி ஒப்பிட்டுப் பார்ப்பார். அரை மணி நேர எடிட் இரண்டு மணி நேரமாகும். "இதுக்கு முந்தின வசனத்தக் காட்டு," என்பார். எரிச்சலாகத்தான் இருக்கும். பவுல் சொன்னதையே பெரோயா ஊர்க்காரர்கள் தினமும் வேதத்தைப் புரட்டிச் சரிபார்த்தார்களாம். பவுலுக்குக் கோபம் வந்ததாக எங்கும் எழுதவில்லை. எனக்கு வந்தது.

போன வருடம் ஓய்வு பெற்றேன். பிரிவு உபசாரத்தில் கேக் வெட்டிவிட்டு நாலு வார்த்தை பேசினேன். "வேதத்தில் 'பயப்படாதே' என்ற சொல் முந்நூற்று அறுபத்தைந்து தடவை வருகிறது, நாளுக்கு ஒன்று. அந்த தைரியத்தில்தான்..." என்று ஆரம்பித்ததும் பின்னாலிருந்து சத்தம்.

"ஏட்டி ஜெயா, எண்ணுனியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எண்ணவில்லை. சின்ன வயதில் யாரோ சொன்னது. பத்து வருடமாகப் புதுவருட நிகழ்ச்சியில் அதை ஸ்ட்ரிப்பாகவும் போட்டிருக்கிறேன்.

வீட்டில் பென்சிலோடு உட்கார்ந்தேன். ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தல் வரைக்கும் நாலு மாதம் ஆனது. கணக்கு அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அக்காவுக்குப் போன் செய்தேன்.

"வரலக்கா. ரொம்பக் கொறையுது."

"போட்டும். முழுசா வாசிச்சியா?"

"வாசிச்சேன்."

"இப்பத்தான் மொதத் தடவையோ?"

போனை வைத்தேன்.

மறுநாள் செம்பூருக்குப் போனேன். என் இடத்துக்கு வந்திருக்கும் ப்ரியா, "விடுங்க ஆண்ட்டி, அச்சா மெசேஜ் தானே," என்றாள். அவளுக்குச் சொன்னதையே இந்த வேலைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்கிறேன். நல்ல செய்தியா என்பது இரண்டாவது கேள்வி. அங்கே எழுதியிருக்கிறதா, யாருக்கு எழுதியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. இடம் பத்தவில்லை என்றால் எழுத்தைச் சின்னதாக்குங்கள், வசனத்தை வெட்டாதீர்கள். பிரசங்கியாரைச் சோதிக்கிற அதே கண்ணால் உங்களுக்குப் பிடித்த வசனத்தையும் பாருங்கள்.

பிறகு பழைய நாற்காலியில் உட்கார்ந்து, பத்து வருட நிகழ்ச்சிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, என் கையாலேயே அந்த எண்ணை அழித்தேன். 'பயப்படாதே' என்பதை மட்டும் விட்டுவைத்தேன். அது இருக்கிறது. நானே பார்த்தேன்.