சித்தியைக் கூப்பிட்ட ஊர்

சித்தி வரப்போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எட்டு வயது. பினாங்கில் பிறந்து, பினாங்கைத் தாண்டி ஓர் அடிகூட வைக்காதவள் நான். எங்கள் வீட்டுக்கு ஒருத்தி ஊரிலிருந்து வருகிறாள், அதுவும் கப்பலில், அதுவும் புதுப்பெண்ணாக என்றால் சும்மாவா? பள்ளிக்கூடத்தில் எனக்கு வேறு பேச்சே இல்லை. வாத்தியாரம்மா எழுப்பி ஒன்பதாம் வாய்ப்பாடு கேட்டபோது, "எங்க சித்தி வர்றாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, டிராம் வண்டியில் டிக்கெட் கொடுக்கிறவர். காக்கி உடுப்பும் தோல்பையுமாக அவர் மணிக்கயிற்றை இழுத்தால்தான் வண்டி நகரும். அதனால் பினாங்கே அவர் கையில்தான் ஓடுகிறது என்று நான் நம்பியிருந்தேன். அவர் லீவு போட்டு ஊருக்குப் போய், கல்யாணம் கட்டிக்கொண்டு, நாகப்பட்டினத்தில் கப்பலேறித் திரும்பினார். அப்பா, அம்மா, நான் மூவரும் துறைமுகத்துக்குப் போயிருந்தோம். சம்பான் படகிலிருந்து தகரப் பெட்டியோடு சித்தி இறங்கினாள். எங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய வகுப்பு அக்காமார் உயரம்தான் இருந்தாள். முன்பல் ஒன்று லேசாகத் தூக்கியிருந்தது. அந்தப் பல் தெரிய என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், அந்த நிமிஷமே நான் அவள் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் ரிக்ஷாக்காரர்கள் வழக்கம்போல எங்களைச் சூழ்ந்துகொண்டு கூப்பாடு போட்டார்கள். சித்தியின் சிரிப்பு அங்கேயே நின்றுபோனது. முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, எலும்பு நொறுங்குகிற மாதிரி என் கையைப் பிடித்தாள். வீடு வந்து சேரும்வரை விடவில்லை.

சூலியா தெருவில் ஓர் அரிசிக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் வீடு. அதில் தெருப்பக்கத்து அறையைச் சித்திக்கும் சித்தப்பாவுக்கும் ஒழித்துக் கொடுத்தார்கள். அந்த அறைக்காக நான் எத்தனை நாள் அழுதிருக்கிறேன்! சன்னலைத் திறந்தால் போதும், மீகோரெங் பலகார வண்டி, பழக்கூடை, குரங்காட்டி, சீனக் கல்யாண ஊர்வலம், எல்லாம் காலடியில் நடக்கும். சித்தி வந்த அன்றே அந்தச் சன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு திறக்கவே இல்லை. கடைத்தெருவுக்குக் கூப்பிட்டால் தலைவலி என்பாள். கோயிலுக்குக் கூப்பிட்டால் வயிற்றுவலி. தெருவில் யாராவது கத்தினால் தட்டிலிருந்து கையை எடுத்துவிடுவாள். அப்புறம் சோறு இறங்காது. கன்னம் ஒட்டிப்போய், அந்தப் பல் மட்டும் முன்னால் தெரிந்தது.

அக்கம்பக்கத்துக்குக் கேட்க வேண்டுமா! "கடல் தாண்டுறப்ப எதுவோ ஒட்டிக்கிட்டு வந்திருக்குலா" என்றார் பக்கத்து வீட்டுப் பாய் சம்சாரம். தர்காவிலிருந்து மந்திரித்த கயிறு வாங்கி வந்து கட்டினார். "கயித்துக்கெல்லாம் அது அடங்காது" என்று எதிர்வீட்டுப் பால்காரம்மா கோயில் திருநீற்றைக் கொண்டுவந்து நெற்றி நிறையப் பூசினார். இரண்டு பேருக்கும் நடுவில் சித்தி குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். பேய் பிடித்தவர்கள் ஆடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்த நான், எப்போது ஆடுவாளோ என்று கதவிடுக்கில் காத்திருந்தேன். ஆடவே இல்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம்.

ஒருநாள் காலையில் அப்பா சித்தப்பாவைக் கூப்பிட்டு வைத்துப் பேசினார். "இது சரிப்பட்டு வராதுப்பா. அடுத்த கப்பல்ல எனக்குத் தெரிஞ்ச குடும்பம் ஒண்ணு ஊருக்குப் போவுது. அவங்களோட அனுப்பிவச்சிரு. அங்க போயி தேறட்டும்."

சித்தப்பா தோல்பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றார். "போனா திரும்பி வரமாட்டாண்ணே."

"கட்டின சூட்டோட திருப்பி அனுப்பினா அந்தப் பொண்ணு அங்க வாழாவெட்டிதான்" என்று அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள். சித்தப்பா வேலைக்குப் போனார். அப்பா தான் வேலை பார்த்த சரக்குக் கிட்டங்கிக்குப் போனார். அம்மா வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாமல் பாய் வீட்டுக்குப் போனாள்.

எனக்கு அதிலெல்லாம் புத்தி போகவில்லை. என் காதில் விழுந்தது கப்பல் என்ற ஒரு சொல்தான். தடதடவென்று ஓடிப்போய், "சித்தி! நீங்க குடுத்து வச்சவங்க! மறுபடியும் கப்பல்ல போகப் போறீங்க!" என்று குதித்தேன்.

சித்தி பெட்டிமேல் அப்படியே சாய்ந்துவிட்டாள். அழுதாள், என்ன அழுகை! கொஞ்சம் அடங்கியதும் என்னைப் பக்கத்தில் இழுத்து, "நான் ஒண்ணு கேக்குறேன். செத்தாலும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றாள்.

"சத்தியமா சொல்ல மாட்டேன்."

"இந்த ஊரு ஆம்பளைங்களுக்கு என் பேரை யாருடி சொன்னது?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கப்பலவிட்டு எறங்கினதுமே அத்தனை ரிக்ஷாக்காரனும் என் பேரச் சொல்லிக் கூப்புட்டான். கீழ காய் விக்கிற சீனன் தெனம் கூப்புடுறான். பாயாசம் மாதிரி என்னமோ விக்கிற மலாய்க்காரன், அவனும் கூப்புடுறான். உங்க சித்தப்பாகிட்ட எப்படிடி சொல்லுவேன்? ஒருத்தன் கூப்புட்டாலே, அவனுக்கு எப்படி ஒன்னத் தெரியும்னு கேப்பாங்க. இங்க ஊரே கூப்புடுது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது, சித்திக்கு என்ன பெயர் என்றே எனக்குத் தெரியாது. சித்தப்பா அவளை 'இந்தா' என்பார். அம்மாவுக்கு அவள் 'சின்னவ'. அப்பாவுக்கு 'அந்தப் பொண்ணு'. எனக்குச் சித்தி.

"உங்க பேரு என்ன சித்தி?"

அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னாள். "மாரியாயி. எங்க ஊர்ல மாரிம்பாங்க."

நான் சிரித்த சிரிப்பில் பெட்டிமேலிருந்து கீழே விழுந்தேன். விழுந்த இடத்திலேயே புரண்டு சிரித்தேன். "சித்தி, மலாயில மாரின்னா 'வா'ன்னு அர்த்தம்! மாரி சினின்னா 'இங்க வா'! இங்க நாயக்கூட மாரின்னுதான் கூப்பிடுவாங்க!"

பெரியவர்களுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று கேட்பீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு அவர்கள் காதுக்கு அது பழகிவிட்டது. சித்தியின் பெயரோ கல்யாணப் பத்திரிகையில் ஒருமுறை வாசித்ததோடு சரி.

சித்தி நம்பவில்லை. "என்னச் சமாதானப்படுத்தப் பொய் சொல்றே" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தாழ்ப்பாளை இழுத்துச் சன்னலைப் படாரென்று திறந்தேன். கீழே காய்க்காரச் சீனக் கிழவர் தோள் தடியில் கூடைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். சீனக் கிழவர்களை நாங்கள் அப்பேக் என்போம். "அப்பேக்! மாரி! மாரி சினி!" என்று கத்தினேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தோள் தடியைச் சாய்த்துக்கொண்டு நேரே எங்கள் சன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"பாத்தீங்களா!"

சித்தி என் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தாள். அடுத்து ஒரு பையனைக் கூப்பிட்டேன், வந்தான். ஒரு நாயைக் கூப்பிட்டேன், அதுவும் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. சித்தியின் மூச்சு என் கழுத்தில் சுடச்சுடப் பட்டது. "நான் கூப்பிட்டாலும் வருவாங்களாடி?" என்று கேட்டாள். கேட்டதோடு நிற்கவில்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் பெயரைத் தானே, "மாரீ!" என்று ஒரு போடு போட்டாள்.

அடேயப்பா! தெருமுனையில் சும்மா நின்ற ரிக்ஷாக்கள் ஒன்றுவிடாமல் ஓடிவந்தன. நான் முந்தி, நீ முந்தி என்று ரிக்ஷாக்காரர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்க, அப்பேக் நடுவில் நின்று சீனத்தில் வைய, நாய் எல்லாரையும் பார்த்துக் குரைத்தது. சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள்.

"கூப்பிட்டுட்டு ஏறாம இருந்தா ஏசுவாங்க சித்தி" என்றேன். பாதி உண்மை, பாதி ஆசை. அம்மா வீட்டில் இல்லை. சித்தி ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என்னோடு படியிறங்கினாள். இருப்பதிலேயே வயதான ரிக்ஷாக்காரராகப் பார்த்து ஏறினோம்.

அன்றைய காற்று இன்னும் என் முகத்தில் இருக்கிறது! சித்தி எதைப் பார்த்தாலும் அது என்னடி, இது என்னடி என்று கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததற்கு நானே ஒரு பெயர் வைத்தேன். கடைக்காரர்கள் "மாரி, மாரி!" என்று கூவும்போதெல்லாம் என் தொடையைக் கிள்ளினாள். பினாங்கு சாலைக்குத் திரும்பினோமோ இல்லையோ, எதிரே மணியடித்துக்கொண்டு டிராம் வந்து நின்றது. படியில் தொங்கிக்கொண்டிருந்தவர் சாட்சாத் எங்கள் சித்தப்பா.

புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. சித்தி தவித்தாள். சட்டென்று ரிக்ஷாவில் எழுந்து நின்று, கையை வீசி, "மாரி! மாரி சினி!" என்றாள்.

பேய் பிடித்து அறைக்குள் கிடந்த பெண்டாட்டி நடுத்தெருவில் நின்று மலாயில் கூப்பிடுகிறாள்! சித்தப்பா மணிக்கயிற்றை விட்டுவிட்டுக் குதித்து ஓடிவந்தார். வண்டி நகரவில்லை. உள்ளே இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். ஓட்டுகிறவர் காலால் மணியை மிதி மிதியென்று மிதித்தார்.

"எப்ப மலாய் கத்துக்கிட்டே?" என்றார் சித்தப்பா, மூச்சிரைக்க.

"உங்க அண்ணன் மகதான் சொல்லிக் குடுத்தா" என்றாள் சித்தி. பல் தெரிந்தது.

அன்று மாலை சித்தப்பா அப்பாவிடம் போய், "அவ இருக்கட்டும்ணே" என்று மட்டும் சொன்னார். கப்பல் பேச்சு அதோடு முடிந்தது. கயிறுதான் காப்பாற்றியது என்றார் பாய் சம்சாரம். திருநீறுதான் என்றார் பால்காரம்மா. அதற்குப்பின் கொஞ்ச நாள் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சத்தியம் செய்திருந்த நான் வாயைத் திறக்கவில்லை.

அதன்பிறகு காய் வாங்கப் பசாருக்குப் போவது சித்தியின் வேலையாகிவிட்டது. அம்மா போகிறேன் என்றாலும் விடமாட்டாள். ஒரு மழைநாள், கடைகளெல்லாம் சாத்திக் கிடந்தன. மாடியில் உட்கார்ந்திருந்த சித்தி, "ஒரு வெளையாட்டு வெளையாடலாமா?" என்றாள். "நீ கீழ போயி நின்னுக்கிட்டு என்னைக் கூப்புடு. அவங்க கூப்புடுற மாதிரி இல்ல. ஊர்ல எங்கம்மா கூப்புடுற மாதிரி, அடியேன்னு."

எனக்கு விளையாட்டென்றால் போதும். படிகளில் குதித்திறங்கி, அடிப்படியில் நின்று, தொண்டை கிழிய, "அடியே மாரீ!" என்று கத்தினேன்.

"இதோ வந்துட்டேம்மா!" என்று சித்தி படபடவென்று ஓடி இறங்கினாள்.

அவள் வந்து சேருவதற்குள் பாய் வீட்டிலிருந்து அம்மா வந்துவிட்டாள். "பெரியவங்களப் பேர் சொல்லியாடி கூப்புடுற, அதுவும் அடியேன்னு?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். சித்தி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அடி வாங்கியது நான், இவள் எதற்கு இப்படி அழுகிறாள்? என்மேல் இவ்வளவு பிரியமா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"வலிக்கவே இல்ல சித்தி, நெசமாத்தான்" என்று அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். "அழாதீங்க. இனிமே நான் உங்களை அப்படிக் கூப்பிடவே மாட்டேன்."