முன்னறையில் தங்கிய பிரெஞ்சுக்காரி

எழுபதுகளில் எங்கள் துணி மில்லில் ஆட்குறைப்பு செய்தார்கள். என் வேலையும் போனது. வருமானத்துக்காக முன்னறையை வாடகைக்கு விட்டோம். பிரான்சிலிருந்து வந்த ஒரு பெண் தங்கினாள். வெள்ளைக்காரிதானே என்று இருமடங்கு வாடகை கேட்டேன். பேரம் பேசாமல் கொடுத்தாள்.

"இவங்களுக்கென்ன, காசு இருக்குது, ஊர் சுத்துறாங்க" என்று மனைவியிடம் புலம்புவேன்.

ஒரு மாலை மனைவி பெரிய மார்க்கெட்டில் விற்பதற்காகப் பூ கட்டிக்கொண்டிருந்தபோது நூல் அறுந்தது. பக்கத்தில் இருந்த அந்தப் பெண் இரு நுனிகளையும் வாங்கி, நொடியில் முடிச்சுப் போட்டாள். நான் திடுக்கிட்டேன். தறியில் வேலை செய்தவர்கள் போடும் முடிச்சு அது.

"மில்லில் வேலை செய்தீர்களா?" என்று, எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த காலத்தில் பள்ளியில் படித்த பிரெஞ்சில் கேட்டேன்.

"ஆமாம். மூடிவிட்டார்கள். அங்கே ஒரு மாதம் சும்மா இருக்க ஆகும் செலவில் இங்கே மூன்று மாதம் இருக்கலாம். பஸ் மாறி மாறித் தரைவழியாகவே வந்தேன்" என்றாள்.

மனைவியிடம் சொன்னேன். "அய்யோ பாவம், இன்னிக்கு நம்மகூடவே சாப்பிடட்டுங்க" என்று எழுந்து போய் உலை வைத்தாள்.

கூடுதலாக வாங்கிய பணத்தை மறுநாள் திருப்பிக் கொடுத்தேன். ஏன் வாங்கினாய் என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் என் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.