சிவப்புக் கட்டையைச் சுற்றி ஓடினவர்கள்

இரண்டு வருஷமாக முழங்காலில் நின்று உழைத்தவன் நான். விசுவமடுவுக்கு அப்பால் காட்டோரக் காணிகளில் கண்ணிவெடி அகற்றுகிற வேலை. காலையில் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு குந்தினால், பொழுதுபட நான் முன்னேறியிருக்கிற தூரம் ஒரு கட்டில் நீளம்தான் வரும். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்போட்டிகளில் முதலாவதாக வந்தவனுக்கு இது பெரிய தண்டனை.

அதனால் இராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் வாங்கினபோது, எந்தப் பிரிவு என்ற கேள்விக்கு என்னிடம் விடை தயாராக இருந்தது. காலாட்படை. நிமிர்ந்து நடக்கலாம், ஓடலாம்.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. விண்ணப்பத்தில் இருந்த காலாட்படை, பொறியியல் பிரிவு இரண்டையும் நான் படித்துச் சொன்னேன்.

“ரெண்டுக்கும் என்னடா வித்தியாசம்?”

“காலாட்படை எண்டா நடக்கிறது, ஓடுறது, காவல் நிக்கிறது. பொறியியல் பிரிவு எண்டா பாலம் போடுறது, றோட்டு வெட்டுறது, கண்ணிவெடி எடுக்கிறது.”

“அப்ப தெரிஞ்ச வேலையை விட்டுட்டு ஏன் ஓடப்போறாய்?”

அப்பா குறுக்கே வந்தார். “அவன் படிச்சவன். அவனே யோசிக்கட்டும்.” எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் மின்கட்டணத் துண்டு முதல் என் தலைவிதி வரை எல்லாவற்றையும் நானே வாசித்து நானே முடிவெடுக்க வேண்டும்.

நான் ஆமியில் சேரப்போகிறேன் என்று கேள்விப்பட்டு அடுத்த வீட்டு அக்கா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. யுத்தம் நடந்த ஊரில் அவாவுக்குக் காரணம் இருந்தது, நானும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் வேலிக்கு மேலால் எட்டி, “சாப்பாடாவது ஒழுங்காத் தருவாங்களாமோ?” என்றா.

என்னோடு வேலை செய்கிற கூட்டாளி ஒருவனும் விண்ணப்பித்திருந்தான். முல்லைத்தீவுக்காரன், வாய் ஓயாதவன். அவன் பொறியியல் பிரிவு என்று எழுதினான். என்னுடையதை எட்டிப் பார்த்துவிட்டு, “விசரா, கையில இருக்கிற தொழிலை விட்டுட்டு வெயிலில ஓடப்போறியா?” என்றான்.

“உன்னை முந்திக்கொண்டு ஓடுவன், பார்.”

தெரிவு நாள் வவுனியாவில், நெளுக்குளம் பக்கத்து மைதானத்தில் நடந்தது. முதலில் ஓட்டம். குறித்த நேரத்துக்குள் மைதானத்தை ஆறு சுற்றுச் சுற்றி முடிக்காதவன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். நான் முன்னுக்கு ஓடினேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு கால்களுக்கு விடுமுறை கிடைத்த மாதிரி இருந்தது.

ஐந்து சுற்று முடிந்ததும், பாதை சேறாகிவிட்டது என்று எங்களைப் பக்கத்துப் புல்வெளிக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கே வரிசையாகச் சிவப்புத் தலை பூசின கட்டைகள். முன்னால் போன என் கால்கள் நின்றுவிட்டன. என் கால்கள் நின்றுவிட்டன. எங்கள் வேலையில் சிவப்புக் கட்டைக்கு அந்தப் பக்கம் கண்ணிவெடி. அதைத் தாண்டக் கூடாது என்பதுதான் முதல் நாள் பாடம். பின்னால் வந்த கூட்டாளி என் முதுகில் வந்து மோதினான். அவனும் பார்த்தான். இரண்டு பேரும், வந்த அடிச்சுவட்டிலேயே காலை வைத்துப் பின்னோக்கி நடந்தோம்.

மைதானமே சிரித்தது. “என்னடா, ரிவேஸில ஓடுறாங்கள்!”

பெரிய வட்டமாகச் சுற்றி ஓடி, நேரம் முடிய இரண்டு விநாடி இருக்கும்போது விழுந்தடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

நேர்முகத்தில் தமிழ் கொஞ்சம் தெரிந்த அதிகாரி இருந்தார். “தம்பி, அங்க என்ன, பேய் இருந்ததா?”

“சிவப்புக் கட்டை, சேர்.”

“அது தண்ணிக் குழாய் போடுறதுக்கு அடிச்சது.” சிரித்துவிட்டு விண்ணப்பத்தைப் பார்த்தார். “காலாட்படை. அங்க ஓடு எண்டா ஓடணும். ஓடுவீங்களா?”

ஓம் என்று சொல்லத்தான் வந்தேன். ஓட்டத்தில் எனக்கு ஆசை இருந்தது. ஆனால் சற்றுமுன் என்னைக் கேட்காமலே கால்கள் ஒரு முடிவெடுத்திருந்தன. வேறொரு நாள் எனக்குப் பின்னால் பத்துப் பேர் ஓடி வந்தாலும் அவை அப்படித்தான் நிற்கும்.

“மாத்தலாமா, சேர்?”

பேனையை நீட்டினார். காலாட்படையை வெட்டி, பொறியியல் பிரிவு என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். “சரி, எடுத்தாச்சு,” என்றார்.

வெளியே வந்து அம்மாவுக்கு அழைத்தேன்.

“எடுபட்டிட்டன் அம்மா. பொறியியல் பிரிவு.”

“நல்லது. ஓட்டத்தில எத்தினையாவது?”

“கடைசி ஆளுக்கு முதல் ஆள்.”

“ஐயோ! ஆர் கடைசி?”

பக்கத்தில் நின்ற கூட்டாளி கைபேசியைப் பறித்தான். “நான்தான் அம்மா. உங்கட மோன் சிவப்புக் கட்டையைக் கண்டு நடுவழியில நிண்டதால வந்த வினை. இனி எங்க போனாலும் இவனுக்கு முன்னால நான்தான் போவன்.”

“போ ராசா,” என்றா அம்மா. “ஆனா அவன் நில் எண்டா நில்லு.”